ஆளுக்குப் பாதி கம்பெனியில் முடிவு யாருடையது?

இரண்டு பேர் சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கும்போது பங்கை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. தவறு அதற்கு அடுத்த அடியில் நடக்கிறது. பங்கு சமம் என்பதால் எல்லா முடிவிலும் இருவர் சொல்லும் சமம் என்று, பேசிக்கொள்ளாமலேயே, இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். லாபம் வந்தால், கம்பெனியை விற்றால் யாருக்கு எவ்வளவு என்பது பங்குக் கணக்கு. விலையை யார் வைப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, எந்த வாடிக்கையாளரை விட்டுவிடுவது என்பது வேறு கணக்கு. பங்கோடு ஓட்டும் வருகிறது, உண்மைதான். ஆனால் பங்குதாரர் ஓட்டு தேவைப்படும் விஷயங்கள் வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிச்சமெல்லாம் அன்றாட நிர்வாகம். அதை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம், பிரித்துக்கொள்ளவும் வேண்டும்.

ஒரு உறையில் இரண்டு கத்தி ஆகாது, பேசாமல் 51-49 ஆக்கிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டில் தோற்றுக்கொண்டே இருக்கும் 49 சதவீதக்காரர் வேலையில் மனசு விட்டுப்போய் ஒருநாள் கிளம்பிவிடுவார். ஜெயித்தவர் கையில் பாதி கம்பெனிதான் மிஞ்சும். இரட்டைத் தலைமை உருப்படாது என்பதும் பொதுவிதி அல்ல. 2002-ல் இருவர் தொடங்கிய ஆஸ்திரேலிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியனில் மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபார்குவரும் இணை சிஇஓக்களாக இருந்தார்கள். 2024-ல்தான் ஃபார்குவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

சமபங்குக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இழுபறி நடுநிலையானது அல்ல. இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்றால், "இப்படியே இருக்கட்டும்" என்பவர் வாயைத் திறக்காமலே ஜெயித்துவிடுகிறார். விலையை ஏற்றலாம் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் மற்றவர். பேச்சு மூன்று மாதம் இழுத்தால் மூன்று மாதமும் பழைய விலையே ஓடும். மாற்றம் கேட்டவர் முதலில் பொறுப்பார், பிறகு எரிச்சல்படுவார், கடைசியில் கேட்காமலே செய்துவிடுவார். சண்டை அன்றைக்குத்தான் வெடிக்கும், அதுவும் விலையைப் பற்றியதாக இருக்காது.

உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு தாள்

முதல் வேலை, யார் எதை முடிவு செய்வது என்பதை எழுதிவைப்பது. இருபது, இருபத்தைந்து வரிகள் போதும். ஒவ்வொரு வரியிலும் ஒரு வகை முடிவு. அதற்கு எதிரே மூன்றில் ஒன்று: ஒருவர் தானாக முடிவு செய்து பிறகு சொல்லலாம். ஒருவர் மற்றவரைக் கேட்டுவிட்டுத் தானே முடிவு செய்யலாம். அல்லது இருவரும் ஒப்ப வேண்டும். இரண்டாவது வகையில்தான் குழப்பம் வரும். கேட்பது வேறு, அனுமதி வாங்குவது வேறு. கேட்டபின் மற்றவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றாலும் முடிவெடுப்பவர் தன் வழியில் போகலாம். தாளிலேயே இதை எழுதாவிட்டால், "கேட்டுவிட்டு நான் சொன்னதைச் செய்யவில்லையே" என்று முதல் மாதமே மனக்கசப்பு வரும்.

தொழில்நுட்பம் உனக்கு, விற்பனை எனக்கு என்று பிரிப்பது சுலபம். சண்டை வருவது வரப்பில். நான்கு இடங்களை மறக்காமல் எழுதுங்கள்: விலை, தள்ளுபடி, வாடிக்கையாளருக்குத் தரும் தேதி, முதல் பத்து ஊழியர்கள். விற்பனையைப் பார்ப்பவர் ஒரு பெரிய ஒப்பந்தத்தைப் பிடிக்க "அந்த வசதி அடுத்த மாதம் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு வருவார்; தயாரிப்பைப் பார்ப்பவர் அதைப் பிறகு மின்னஞ்சலில் பார்த்துத் தெரிந்துகொள்வார். இதற்கு நான் பரிந்துரைக்கும் வரி: எதைக் கட்டுவது என்பதும் தேதியும் தயாரிப்புக்காரர் கையில், 15 சதவீதம் வரை தள்ளுபடி விற்பனைக்காரர் கையில், அதற்கு மேல் போனால் இருவரும். அந்த 15 உங்கள் லாப அளவுக்கு ஏற்ப மாறலாம். ஏதோ ஒரு எண் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

செலவுக்கும் வரம்பை எண்ணாக எழுதுங்கள். நிலையான தொகையாக எழுதினால் கம்பெனி வளர்ந்ததும் பழையதாகிவிடும். மாதச் செலவின் சதவீதமாக எழுதுங்கள். மாதச் செலவில் 2 சதவீதம் வரை யாரும் தன்னிச்சையாக, 2 முதல் 10 வரை மற்றவரிடம் சொல்லிவிட்டு, 10-க்கு மேல் இருவர் ஒப்புதலோடு. வருடச் சந்தா என்றால் மாதத் தவணையை அல்ல, முழு வருடத் தொகையையே வரம்போடு ஒப்பிட வேண்டும். சிறிய தவணையாகக் காட்டிப் பெரிய கடப்பாட்டை நுழைப்பது அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமலே.

மேலே சொன்ன தள்ளுபடி, செலவு வரம்புகள் போக, இருவரும் ஒப்ப வேண்டியவை எத்தனை? முதலீடு வாங்குவது, புதிய பங்கு வெளியிடுவது, கடன், உத்தரவாதக் கையெழுத்து, கம்பெனியை விற்பது, தொழிலின் திசையையே மாற்றுவது, நிறுவனர் சம்பளம், வழக்குத் தொடுப்பது. இந்த எட்டோடு நிறுத்திக்கொள்ளப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வரியும் மற்றவரைத் தடுக்கும் அதிகாரத்தை இருவருக்கும் கொடுக்கிறது. நல்லெண்ணத்தில் "எல்லாமே சேர்ந்து பேசிச் செய்வோம்" என்று இருபது வரி எழுதுபவர்கள், வருடம் திரும்புவதற்குள் அலுவலக நாற்காலிக்கும் கூட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பட்டியலில் முடிவு எடுக்காமல் விட்டாலே கெட்டுப்போகும் விஷயங்களும் இருக்கும். அவற்றுக்கு, உடன்பாடு வராவிட்டால் தானாக என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். உதாரணம்: கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் கீழே இறங்கி, 14 நாளில் உடன்பாடு வராவிட்டால், ஏற்கெனவே தயாரித்து வைத்த சிக்கனத் திட்டம் அமலுக்கு வரும். அந்தத் திட்டத்தில் எந்தச் செலவு எந்த வரிசையில் வெட்டப்படும் என்பதும் இருக்க வேண்டும். "இப்படியே இருக்கட்டும்" என்பவரின் இலவச வெற்றி இதோடு முடிகிறது.

தாளில் இல்லாத விஷயம் வந்தால்? வரும், வாராவாரம் வரும். அதற்கு ஒரு பொது வரி: இதில் எழுதப்படாத எதையும் இன்னார் முடிவு செய்வார். சிஇஓ என்ற பதவிக்கு நடைமுறை அர்த்தம் இதுதான் என்பது என் கணிப்பு. இருவருக்கும் அந்தப் பட்டம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதப்படாததற்கு ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் குறியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாதாமாதம் மாற்றாதீர்கள். தன் முறை வரும்வரை ஒரு முடிவை ஒத்திப்போடுவது மனித சுபாவம்.

மோதல் வந்தபின்

எதைப் பற்றிய மோதல் என்று முதலில் பிரியுங்கள். ஒன்று, உண்மை பற்றியது: போன காலாண்டில் எத்தனை வாடிக்கையாளர் விலகினார்கள்? இதை விவாதிப்பதே வீண், எண்ணைப் போய் எடுங்கள். இரண்டு, கணிப்பு பற்றியது: விலையை ஏற்றினால் எத்தனை பேர் விலகுவார்கள்? இருவரும் தனித்தனியே ஒரு எண்ணை எழுதிவிட்டு, சின்ன அளவில் சோதித்துப் பார்க்கலாம். மூன்று, நோக்கம் பற்றியது: பெரிய முதலீடு வாங்கி வேகமாக வளர்வதா, சொந்தக் காசில் நிதானமாக லாபத்தில் ஓட்டுவதா? எந்தத் தரவும் இதைத் தீர்க்காது. நான்கு, அதிகாரம் பற்றியது: "என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தாய்?" இதற்கு மருந்து மேலே சொன்ன தாள்.

நேரம் வீணாவது பெரும்பாலும் மூன்றாவதையும் நான்காவதையும் முதலிரண்டின் வேஷத்தில் விவாதிப்பதால். ஒரே விஷயம் மூன்றாவது முறையும் மேஜைக்கு வந்தால், அந்த விஷயம் அல்ல பிரச்சினை. எக்செல் கோப்பை மூடிவிட்டு, "உனக்கு இந்தக் கம்பெனி ஐந்து வருடத்தில் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு பணம் வந்தால் போதும், எவ்வளவு காலம் இருப்பாய்" என்று பேச வேண்டிய நேரம் அது.

அடுத்து, திருப்பக்கூடியதா திருப்ப முடியாததா என்று பாருங்கள். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இந்தப் பிரிவினையைப் பிரபலமாக்கினார்: திருப்ப முடியாதது ஒருவழிக் கதவு, திருப்பக்கூடியது இருவழிக் கதவு. இருவழி என்றால் 48 மணி நேரத்துக்கு மேல் தராதீர்கள். அந்தத் துறைக்காரர் முடிவு செய்துவிட்டு நகரட்டும். ஒருவழி என்றால் இரண்டு வாரம். இதில் ஒரு தந்திரம் ஓடும், கவனம்: மாற்றத்தை எதிர்ப்பவருக்கு எல்லாமே ஒருவழிக் கதவாகத் தெரியும். "திரும்பிப் போக எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும்?" என்று எண்ணில் கேளுங்கள். ஒரு மாதச் செலவுக்குள் திரும்பிவிடலாம் என்றால் அது இருவழிதான்.

சோதித்துப் பார்ப்போம் என்று முடிவானால், தொடங்கும் முன் மூன்றை எழுதுங்கள்: எந்த எண்ணைப் பார்ப்போம், எந்தத் தேதியில் பார்ப்போம், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் நிறுத்துவோம். இந்த மூன்றாவது இல்லாத சோதனை நிற்கவே நிற்காது. ஆதரித்தவர் "இன்னும் ஒரு மாதம்" என்பார், எதிர்த்தவர் "நான் அப்போதே சொன்னேன்" என்பார்.

பெரிய முடிவுகளுக்கு, பேசுவதற்கு முன் ஆளுக்கு ஒரு பக்கம் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது. என் முடிவு என்ன, முக்கியமான இரண்டு காரணங்கள், நான் தவறாக இருந்தால் என்ன விலை கொடுப்போம், என்ன தெரியவந்தால் நான் மனம் மாறுவேன். கடைசிக் கேள்விக்கு "எதுவுமே மாற்றாது" என்று ஒருவர் எழுதினால், அது நோக்கம் பற்றிய மோதல் என்று அங்கேயே தெரிந்துவிடும். இரு பக்கங்களையும் பரிமாறிக்கொண்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் 45 நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் யாரும் தன் கட்சியைப் பேசக் கூடாது. மற்றவரின் கட்சியை, அவர் "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒத்துக்கொள்ளும் வரை எடுத்துச்சொல்ல வேண்டும். கணிதவியலாளர் அனடோல் ரபபோர்ட் வாதங்களுக்குச் சொன்ன வழி இது. வேகம் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் பாதி மோதல்களில் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளிவரும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு எழுதிய ஒற்றை வரியில் தொனி தெரியாது, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் நிலைக்கும்.

சின்ன விஷயங்களுக்கு இன்னொரு உபாயம்: எவ்வளவு தீவிரமாக விரும்புகிறோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் பத்துக்கு மதிப்பெண் காட்டுவது. மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்றால் அதிகம் காட்டியவர் சொன்னபடி. எதற்கெடுத்தாலும் பத்து காட்டுகிறவர் இருந்தால் இந்த முறை ஒரே வாரத்தில் செத்துவிடும். அதனால் காலாண்டுக்கு இரண்டே பத்து என்று வரம்பு வையுங்கள். திருப்ப முடியாத முடிவுக்கு இதைத் தொடாதீர்கள். தீவிரம் வேறு, சரியாக இருப்பது வேறு.

ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை மாதிரி தெரியும். தொகை சார்ந்த விஷயத்தில் அது பரவாயில்லை. விளம்பரத்துக்கு நீ பத்து என்கிறாய், நான் ஆறு என்கிறேன், எட்டில் நிற்கலாம். திசை சார்ந்த விஷயத்தில் அது நாசம். பெருநிறுவனங்களுக்கு விற்போம் என்று ஒருவர், தனிநபர்களுக்கு விற்போம் என்று மற்றவர்; நடுவில் நின்று இரண்டையும் பாதிப் பாதி செய்தால், பெருநிறுவனத்துக்குத் தேவையான பாதுகாப்புத் தணிக்கையும் இருக்காது, தனிநபருக்குத் தேவையான எளிமையும் இருக்காது. இரண்டு திட்டங்களில் எதுவுமே சோதிக்கப்படாமல் பணம் தீர்ந்துபோகும். இதைவிட, யாராவது ஒருவருடைய திட்டத்தை முழுமையாக ஆறு மாதம் செய்துபார்ப்பது மேல். "போன தடவை நீ சொன்னது, இந்தத் தடவை நான் சொல்வது" என்று முறை வைப்பதும் இதே ரகம். அலுவலக இணையச் சேவையும் சந்தை மாற்றமும் ஒரே எடையா?

முடிவான பிறகு அதைப் பதிவு செய்யுங்கள். தேதி, கேள்வி, முடிவெடுத்தவர், நிராகரித்த வழிகள், எதிர்பார்க்கும் விளைவு, மறுபரிசீலனைத் தேதி. அந்தத் தேதி வரும்வரை, புதிய தகவல் வந்தாலொழிய, மறுபடி கிளறுவதில்லை. உடன்படாதவரும் அதைத் தன் முடிவாகவே நடத்த வேண்டும். நடைமுறையில் இது உடைவது ஊழியர்கள் முன்னால்: "நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவர்தான்..." என்ற அரை வாக்கியம் போதும். அதன்பின், அம்மா மறுத்தால் அப்பாவிடம் போகும் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு ஊழியரும் தனக்குச் சாதகமான நிறுவனரைத் தேடிப் போவார். இதற்கு ஒரு விதி: முதலில் பதில் சொன்னவரின் பதில் நிற்கும், இருவரும் தனியே பேசி மாற்றும் வரை.

மூன்றாவது ஆள்

இருவரால் முடியாத இடத்தில் பஞ்சாயத்து பண்ண ஒருவர் வேண்டும். அவரைச் சண்டை வந்தபின் தேடினால் கிடைக்கமாட்டார். ஒருவர் சொல்லும் பெயரை மற்றவர் சந்தேகிப்பார். அமைதியான நாளிலேயே இருவரும் ஒப்பி, ஒரு வருடத்துக்கு என்று நியமித்துவிடுங்கள். யாருடைய சொந்தக்காரரும் வேண்டாம், முதலீட்டாளரும் வேண்டாம். முதலீட்டாளர் கையில் தீர்ப்பு வாக்கைக் கொடுத்தால், நிறுவனர்கள் இருவரும் அவரைத் தத்தம் பக்கம் இழுப்பதே முழுநேர வேலையாகிவிடும். கம்பெனியை நடத்துபவர் அவராகிவிடுவார்.

அவருடைய வேலையையும் குறுக்குங்கள். ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். இருவர் எழுதிய பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சமைக்கக் கூடாது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 1974 முதல் வீரர்களின் சம்பளத் தகராறுகளை நடுவர்கள் தீர்ப்பது இப்படித்தான்: வீரர் சொல்லும் தொகை அல்லது அணி சொல்லும் தொகை, இரண்டில் ஒன்று. நடுவர் நடுவில் வெட்டுவார் என்று தெரிந்தால் இருவரும் கோரிக்கையை ஊதிப் பெரிதாக்குவார்கள். ஒன்றை மட்டும் எடுப்பார் என்று தெரிந்தால், தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் இருவருமே நியாயத்தின் பக்கம் நகர்வார்கள். பலமுறை நடுவரிடம் போகும் முன்பே விஷயம் முடிந்துவிடும்.

மூன்றாவது ஆள் உண்மையிலேயே மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நிறுவனமான டிரான்ஸ்பெர்ஃபெக்டை 1992-ல் எலிசபெத் எல்டிங், ஃபிலிப் ஷா இருவரும் தொடங்கினார்கள். பங்கு எல்டிங்குக்கு 50 சதவீதம், ஷாவுக்கு 49, ஷாவின் தாயாருக்கு 1. காகிதத்தில் மூவர், நிஜத்தில் பாதிக்குப் பாதி. இருவருக்கும் முட்டிக்கொண்டபோது கம்பெனி நஷ்டத்தில் இல்லை, நல்ல லாபத்தில் இருந்தது. இருந்தும் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றம் 2015-ல், இந்த முட்டுக்கட்டை தீராது என்று சொல்லி, ஒரு பொறுப்பாளரை வைத்துக் கம்பெனியை விற்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 2017-ல் உத்தரவு உறுதியானது. 2018-ல் ஷாவே வாங்கிக்கொண்டார். லாபம் வந்தால் சண்டை தானாக அடங்கும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

நிறுவனர் ஒப்பந்தத்தில் முட்டுக்கட்டைக்கு ஒரு படிவரிசை வேண்டும்: 14 நாள் நேரடிப் பேச்சு, பிறகு 30 நாள் சமரசர் முன்னிலையில் பேச்சு, அதுவும் ஆகாவிட்டால் ஒருவர் மற்றவரை வாங்கும் ஏற்பாடு. இந்தக் கடைசிப் படியில் பிரபலமானது ஷாட்கன் பிரிவு. ஒருவர் ஒரு பங்குக்கு விலை சொல்வார். அந்த விலைக்கு விற்பதா வாங்குவதா என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். விலை சொல்பவருக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்று தெரியாததால் நியாயமான விலை வரும் என்பது தத்துவம். ஓட்டை எங்கே என்றால், கையில் பணம் இருப்பவர், எதிராளியால் திரட்ட முடியாது என்று தெரிந்துகொண்டு, குறைந்த விலை சொல்லி அவரை வெளியேற்றலாம். இதை அடைக்க நான்கு வரி: சுயேச்சையான மதிப்பீட்டாளர் சொல்லும் தொகைக்குக் கீழே விலை போகக் கூடாது, பணம் திரட்ட 90 நாள், தவணையில் கொடுக்க அனுமதி, முதல் இரண்டு வருடத்திலும் முதலீட்டுப் பேச்சு நடக்கும்போதும் இதைப் பயன்படுத்தக் கூடாது. மற்றொரு வகையில் இருவரும் மூடிய உறையில் விலை கொடுப்பார்கள், அதிகம் சொன்னவர் வாங்குவார். பண பலம் ஏறக்குறைய சமமாக இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

வெஸ்டிங், அதாவது வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும் ஏற்பாடு, இல்லாத சமபங்கு வேண்டவே வேண்டாம். வழக்கமான வடிவம் நான்கு வருடம், அதில் முதல் ஒரு வருடம் கிளிஃப், அதாவது அதற்குள் விலகினால் எதுவும் கிடையாது: வருடம் முடிந்தால் 25 சதவீதம், பிறகு மாதத்துக்கு 48-ல் ஒரு பங்கு. இது இல்லாமல் எட்டாவது மாதத்தில் ஒருவர் விலகினால், கம்பெனியில் பாதி அவரோடு போய்விடும். இருப்பவர் வேலை செய்வார், போனவர் பங்கு வைத்திருப்பார், புதிய முதலீட்டாளர் அந்தப் பங்குப் பட்டியலைப் பார்த்துத் திரும்பிவிடுவார். கூடவே, இருவர் எழுதிய நிரல், வடிவமைப்பு, பெயர் எல்லாம் கம்பெனிக்கு உரிமை மாற்றப்பட்டிருக்க வேண்டும், தொடங்கும் முன்னரே எழுதியவை உட்பட.

வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்தும் கட்டாயம் என்பது பாதுகாப்பாகத் தோன்றும். மோதல் நாளில் அதுவே ஆயுதம். ஒருவர் கையெழுத்து போடாவிட்டால் சம்பளம் நின்றுவிடும். சம்பளம், வரி, வாடகை, சர்வர் கட்டணம் இவற்றுக்கு ஒரு கையெழுத்து போதும், மற்றவற்றுக்கு இரண்டு என்று வங்கியிலேயே பிரித்து அமையுங்கள். இணைய முகவரி, கிளவுட் கணக்கு, நிரல் களஞ்சியம் மூன்றும் கம்பெனி மின்னஞ்சலில், இருவருக்கும் நிர்வாக அனுமதியோடு இருக்கட்டும். அழிப்பதற்கும் மற்றவரின் அனுமதியை நீக்குவதற்கும் இருவர் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் படிக்க ஆளுக்கொரு வக்கீல். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல், உங்கள் இருவரில் யாருக்கும் அல்ல.